சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்

சுனாமி வந்த மறுவருஷம் பாண்டிச்சேரியில ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒருத்தர்கிட்ட ஒரு ராட்வீலர் வாங்கினேன். ஒன்றரை வயசு, வளர்ந்த நாய். இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. உப்பளத்துக்குக் காவல்னு வீட்ல சொன்னேன். சும்மா பேச்சு. குவிச்சு வச்ச உப்பை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? மரக்காணத்துல வேற எவன்கிட்டயும் அப்படி ஒரு நாய் இல்ல, அதான் விஷயம்.

மோட்டார் கொட்டாய்ல கட்டிப் போட்டிருப்பேன். யாரையும் தொட விடமாட்டேன், கொஞ்சினா வீரம் போயிடும்னு ஒரு நெனப்பு. "கிட்ட போகாதீங்க, கடிச்சிடும்"னு சொல்லும்போது வாயெல்லாம் பல்லா இருக்கும் எனக்கு. பால்காரர் மேல ஒரு தடவை பாஞ்சுது. அவர் கேனைப் போட்டுட்டு ஓடுனதைப் பாத்துச் சிரிச்சவன் நான். கழுத்துப் பட்டை தையல் விட்டு வர்றதும் தெரியும். நாளைக்கு மாத்திக்கலாம், நாளைக்கு மாத்திக்கலாம்னு ஒரு வாரம் ஓடிடுச்சு.

எங்கிட்ட உப்பு சுமக்குற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. என்னைவிடப் பத்து வயசு மூத்தவங்க. அவங்க பின்னாடியே ஒரு செவலை நாய் வரும், தெருவுல பொறந்து அவங்க வீட்டுக் கஞ்சியில வளர்ந்தது. அவங்க கூடையைத் தூக்கிட்டு வரப்புல எத்தனை நடை நடந்தாலும் அதுவும் அத்தனை நடை நடக்கும். வேலையத்த நாய்னு கிண்டல் பண்ணுவோம்.

சித்திரை மாசம், காலையில எட்டு மணி இருக்கும். பட்டை அறுந்து என் நாய் அந்தச் செவலை மேல பாஞ்சுது. தலையில கூடையோட அந்த அம்மா குறுக்க விழுந்தாங்க. கெண்டைக்காலைக் கவ்விடுச்சு. அவங்களும் என் நாயுமா உப்புப் பாத்திக்குள்ள சரிஞ்சு, கடிபட்ட கால் உப்புத்தண்ணியில முங்கி, ஐயோ, அந்த அம்மா போட்ட சத்தம்! நான் வரப்புல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன், கூப்பிடுறேன், அது திரும்பிக்கூடப் பாக்கல. செவலை பெரிய வீரன்லாம் இல்ல. தள்ளி நின்னு குரைச்சுது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குத்தான் மூணு ஆளுங்க ஓடியாந்து பலகையால அடிச்சு விடுவிச்சாங்க.

ஆஸ்பத்திரிக்கு என் வேன்லதான் கூட்டிட்டுப் போனேன். என் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டதில்ல. போலீஸ் கேஸாயிடுமோன்னு ஒதறல். அதுவரைக்கும் 'ஏம்மா'ன்னு கூப்பிட்டவன் அன்னிக்கு "அக்கா, தெரு நாய்னு சொல்லிடுங்க. முழு செலவும் நான் பாத்துக்குறேன்"னேன். வலியில கண்ணை மூடிக்கிட்டு, "சரி மொதலாளி"ன்னாங்க. விடுவிச்ச மூணு பேரும் எங்கிட்ட வேலை செய்றவங்க, அவங்களுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கல.

மூணாம் நாளு ஊரு பூரா ஒரே பேச்சு, வெறி நாய் சுத்துதுன்னு. புள்ளைங்க நடமாடுற தெரு, விட முடியுமான்னு ஆம்பளைங்க தடியும் கயிறுமா கெளம்பிட்டாங்க. அப்ப நான் டீக்கடையில நிக்கிறேன். அதுல ஒருத்தர் எங்கிட்ட வந்து, "ஒங்க நாயை உள்ள கட்டி வச்சுக்குங்க சார், தெரியாம அடிச்சிடப் போறாங்க"ன்னார், அக்கறையா. "சரிப்பா"ன்னுட்டு அதைக் கொட்டாய்லேருந்து வீட்டுக்குக் கொண்டாந்து கட்டினேன். புதுப் பட்டையில.

கொஞ்ச நேரத்துல அந்த அம்மாவோட வீட்டுக்காரர் ஓடியாந்தார். கடிபட்டப்ப கூட இருந்த நாய், இதுக்கும் வெறி பிடிச்சிருக்கும்னு செவலையைத்தான் மொதல்ல கேக்குறாங்களாம். வீட்டுக்குள்ள கட்டி வச்சிட்டு அந்த அம்மா வாசல்ல காலை நீட்டி ஒக்காந்திருக்காங்களாம். "உண்மையை அவளா சொல்ல மாட்டா மொதலாளி. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க"ன்னார்.

"நீ போ, சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்"னேன்.

சட்டை போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் மொகம் கழுவினேன். வெள்ளைச் சட்டையை எடுத்தேன், அது கசங்கியிருக்குன்னு வேற எடுத்தேன். காபி கேட்டு வாங்கிக் குடிச்சேன், சூடு ஆறட்டும்னு ஆத்தி ஆத்தி. எதுக்குக் காத்திருந்தேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் போய்ச் சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சு, ஆளுங்க கை கழுவிக்கிட்டு இருந்தாங்க. அந்த அம்மா என் சட்டையைப் பாத்தாங்க.

த்தூ, நானும் ஒரு மனுஷன்.

ரெண்டு வாரத்துல என் நாயைக் கிளியனூர் பக்கம் ஒரு தோட்டக்காரருக்குக் கொடுத்துட்டேன். "கடிக்குமா?"ன்னு கேட்டார். "கட்டிப் போட்டா சாது"ன்னேன்.

காலு ஆறி அந்த அம்மா வேலைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு. மோட்டார் கொட்டாயைத் தாண்டும்போது நின்னாங்க.

"அது எங்க மொதலாளி?"

"கொடுத்துட்டேன்."

"அந்த வீட்ல புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"கடிக்கும்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?"

"சொன்னேன்"னேன். கூடையைத் தலைக்கு ஏத்திக்கிட்டு வரப்புல போனாங்க, தனியா.

அன்னிக்கு மத்தியானமே வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளியனூர் போனேன். அந்த மனுஷர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், பட்டை அறுந்தது, காலு, ஆஸ்பத்திரியில சொன்ன பொய். அவர் கண்டபடி ஏசினார், வாங்கிக்கிட்டேன். கடிக்கும்னு நான் பெருமையில்லாம சொன்னது அந்த ஒரு தடவைதான்.

எங்க ஊர்ல இன்னும் சொல்லல. அடிச்சுக் கொன்னதுக்கப்புறம் பேச்சு மாறிடுச்சு, ஊரைப் பொறுத்தவரைக்கும் அந்த அம்மாவைக் கடிச்சது செவலைதான்.