மாமா கேட்ட வோட்டு

இன்னாலில்லாஹி என்று யாராவது சொன்னால் எங்கோ ஒரு சாவு, மௌத்து என்று மட்டும்தான் அந்த வயதில் எனக்குத் தெரியும். அதனால் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டு ஹோலில், ஒரு நல்ல செய்தியைக் கேட்ட கையோடு ஒரு பெண் அதைச் சொல்லி அழுதபோது, நான் குசினிக்கு ஓடிப்போய் உம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு மூத்தவளான ராத்தா அப்போது உயர்தர ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்து முஸ்லிம் மாணவியர் சங்கத்துக்குப் புதிய தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம். சங்கத்தின் செயலாளராக ஓடியாடி உழைத்தவள் அவள்தான். அடுத்தது அவள்தான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. தலைவியானால் தமிழ், சிங்களப் பிள்ளைகளையும் கூட்டி ஒரு பெரிய இஃப்தார் வைப்பது அவளுடைய கனவு. அதன் வரவேற்புரையை அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பாள். கைதட்டுவது என் வேலை. தலைவியின் தங்கச்சி என்ற பட்டத்தை நான் வகுப்பில் ஏற்கெனவே பாவிக்கத் தொடங்கியிருந்தேன்.

கூட்ட நாளில் பள்ளிக்கூட மண்டபம் கிடைக்கவில்லை. எங்கள் மாடி வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள் ராத்தா. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதினாள். விலகிப்போகும் தலைவி, நெட்டையான ஒரு பெண், கூட்டத்தை நடத்தினாள். அவர்களுடைய முறை விசித்திரமானது. கை தூக்கி எண்ணுவது கிடையாது. யாரும் தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது. மற்றவர்கள் சொல்லும் பெயருக்குரியவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அவரைப் பற்றி மனம் விட்டுப் பேசுவதற்காக. இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ராத்தா. மற்றது கொலன்னாவையிலிருந்து வரும், கண்ணாடி போட்ட ஒரு பெண். எதிலும் ராத்தாவோடு ஒத்துப்போகாதவள்.

வெளியே என்றால் எங்கள் வீட்டில் குசினிதான். உம்மா அங்கே கட்லட் உருட்டிக்கொண்டிருந்தார். போட்டியாளர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கட்லட்டை ரஸ்குத் தூளில் புரட்டினார்கள்.

திரும்பக் கூப்பிட்டபோது ஹோலில் முகங்கள் சரியில்லை. நானும் ராத்தாவின் பின்னால் போய்க் கதவடியில் நின்றேன். நெட்டைப் பெண் தன் போனைப் பாயின் நடுவில் வைத்து அழுத்தினாள். அதிலிருந்து வந்தது என் மாமாவின் குரல்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அன்பான தாய்மாரே! என்ட மருமகள விடப் பொருத்தமான புள்ள இந்தச் சங்கத்துல இல்ல. ஒங்கட மகள்மார்ட்ட சொல்லி அவவுக்கே வோட்டப் போடச் சொல்லுங்க. மறந்துடாதீங்க!”

மாமா, அதாவது உம்மாவின் தம்பி, கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்தார். கடையை விட அவருக்குப் பிடித்தது தேர்தல். எந்தத் தேர்தல் வந்தாலும் யாராவது ஒருவருக்காகத் தொண்டை கிழியக் கத்துவார். முந்தின வாரம் வீட்டுக்கு வந்து, தன் போனில் சார்ஜ் இல்லை என்று உம்மாவின் போனை அவர் வாங்கி வைத்திருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. தாய்மாருடைய நம்பர்களெல்லாம் அதில்தான் இருந்தன.

“பதவியக் கேக்கிறவங்களுக்குப் பதவி குடுக்கிறல்ல. நபியவங்க காட்டித் தந்த வழி அது. மாமா இத அனுப்பின ஒங்களுக்குத் தெரியுமா?” என்று ராத்தாவிடம் கேட்டாள் நெட்டைப் பெண்.

“மாமா கேட்டதுக்கு அவ என்ன செய்ற? இது அநியாயம்” என்று ஒருத்தி எழும்பினாள். “வீட்டுல பேசாமலா மாமாவுக்குத் தெரிஞ்ச?” என்றாள் இன்னொருத்தி. பேச்சு தடித்தது. நெட்டைப் பெண் யாரையும் அடக்கவில்லை. எல்லாரையும் பேசவிட்டு, கடைசியில் ராத்தாவைப் பார்த்தாள்.

தெரியாது என்று சொன்னால் போதும். அது சத்தியமான உண்மையும்கூட. சொல்லு ராத்தா, சொல்லு என்று நான் கதவை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன்.

“மாமா வொய்ஸ் அனுப்பின எனக்குத் தெரியா” என்றாள் ராத்தா. எனக்கு மூச்சு வந்தது. “ஆனா ஆசப்பட்டது நான்தான். வீட்டுல நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டு ஈந்ததும் நான்தான். அதக் கேட்டுத்தான் அவர் செஞ்சீக்கிறார். என்ட பேர எடுத்துடுங்க. இவங்களே தலைவியா ஈக்கட்டும்” என்று கொலன்னாவைப் பெண்ணைக் காட்டினாள்.

நான் ஆடிப்போனேன். ராத்தாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? அடுத்த நொடி கொலன்னாவைப் பெண் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, “இன்னாலில்லாஹி” என்று விம்மினாள். ராத்தா “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். வென்றவள் மௌத்துச் செய்தி கேட்டவளைப் போல அழுகிறாள், தோற்றவள் இறைவனுக்கு நன்றி சொல்கிறாள். அப்போதுதான் நான் குசினிக்கு ஓடினேன்.

“உம்மா, யாரோ மௌத்து!”

“மௌத்துமில்ல ஒண்டுமில்ல. பொறுப்பு வந்தா அப்பிடித்தான் சொல்ற” என்றார் உம்மா. அவருடைய முகமும் மௌத்து வீட்டு முகமாகத்தான் இருந்தது. ஹோலில் ஒலித்த தம்பியின் குரல் அவருக்கும் கேட்டிருக்கும் அல்லவா?

அந்த நேரம் பார்த்து மாமா படியேறி வந்தார், கையில் ரிபன் கேக் பெட்டியோடு. ‘தலைவி’ என்று போட்டு, அதன் கீழே ராத்தாவின் பெயரையும் அதற்கும் கீழே ‘வாழ்த்துக்கள்’ என்றும் ரோஸ் ஐசிங்கில் எழுதச் செய்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கேட்டதுக்கா குடுக்கல்ல? கேக்காம யாரு மகள் வோட்டுப் போடுற?”

“இங்க வோட்டே இல்ல மாமா” என்றாள் நெட்டைப் பெண், மரியாதையாக.

ராத்தா அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். பட்டர் கத்தியால் தன் பெயரை மட்டும் மெதுவாகச் சுரண்டி ஒரு பீரிஸ் தட்டில் வழித்தாள். மிச்சமிருந்த ‘தலைவி வாழ்த்துக்கள்’ என்ற கேக்கைக் கொண்டுபோய்ப் புதிய தலைவியின் முன்னால் வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள், மாமாவும் ஒரு துண்டு சாப்பிட்டார். கலையும் முன் நெட்டைப் பெண் ஒன்று சொன்னாள்: “படி எறங்கின பொறகு யாரும் நான் வேற ஆளத்தான் சொன்னேன் எண்டு சொல்லப்படாது. இது எங்க எல்லாரோடயும் முடிவு.” எல்லாரும் தலையாட்டினார்கள். ராத்தாவும் ஆட்டினாள்.

அவர்கள் போனதும் நான் குசினியில் ராத்தாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

“தெரியா எண்டதோட நிப்பாட்டி ஈந்தா நீங்கதானே தலைவி? ஏன் மிச்சத்தையும் சொன்னீங்க?”

“வாயத் தொற” என்றாள். பீரிசிலிருந்த ரோஸ் ஐசிங்கைக் கரண்டியால் அள்ளி என் வாயில் வைத்தாள். அவள் பெயரில் பாதி அதில் இருந்திருக்கும். அப்படி ஒரு இனிப்பு. அழுகையை மறந்து இன்னும் கேட்டேன். தந்தாள். முழுவதையும் நானே தின்று முடித்தேன்.

ஐசிங் என்றால் உயிரை விடுகிற ராத்தா, அன்று கரண்டியைக்கூட நக்காமல் கழுவி வைத்தது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.