திப்பிலி மணத்த விறாந்தை

சுன்னாகம் சந்தையில் இன்று ஒரு கடைக்காரர் திப்பிலித்தூள் போத்தலைத் திறந்ததும், இப்போது கல்யாண மண்டபம் நிற்கும் இணுவில் வளவில், மருந்தரைக்கும் கல்லின் ஓசையும் எண்ணெய் ஊறிய வாங்குப் பலகையும், இழுப்போடு காத்திருக்கும் பிள்ளைகளின் நெஞ்சுச் சத்தமுமாய் இருந்த, நாட்டு வைத்தியம் செய்த பரியாரியாரின் விறாந்தை நினைவில் திரும்பி வந்தது.

"கப உடம்பு. தயிர், வாழைப்பழம், பகல் நித்திரை மூண்டும் கூடாது" என்று அவர் எனக்குப் பத்தியம் சொன்ன நாளிலிருந்து, பார்த்து எனக்கு ஆசை வரக்கூடாதென்று அம்மாவும் தயிரை விட்டார். நானோ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சிநேகிதி வீட்டில் தயிரும் சீனியும் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

இரண்டு மாதமாகியும் இழுப்பு அடங்கவில்லை.

"உங்கடை மருந்து பிள்ளைக்குப் பிடிக்கேல்லைப் போலை" என்றார் அம்மா.

என் நாடியில் விரல் வைத்திருந்த பரியாரியார் என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம், பிழை என்ரை மருந்திலைதான்" என்றார் அவர், மெதுவாக.

அதன்பிறகு நாங்கள் அங்கே போகவேயில்லை.

இன்று சந்தையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் என் கையிலிருந்த திப்பிலிப் பொதியை அம்மா கண்டுவிட்டார்.

"அந்தப் பரியாரியின்ரை மருந்து உனக்குச் சரிவரேல்லைத்தானே?"

இன்றும் அந்தத் தயிர்க் கதையைச் சொல்லாமல் "ஓம்" என்றுதான் சொன்னேன்.