கோணலாத் தெரிஞ்ச கடிகாரம்

எங்க மருமவ ராஜலட்சுமி பென்னலூருக்கு வாக்கப்பட்டு வந்து அப்ப ஒரு வருசம்கூட ஆவல. மருந்து கம்பெனியில பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிச்சி வந்து, ரெண்டு வாய் தின்னுட்டு வாட்டர் கலர் டப்பாவைத் தொறந்துடுவா. "படம் வரைஞ்சா சோறு வெந்துடுமா?"ன்னு தெருவுல கேலி. எனக்குப் பத்திகினு வரும். என் மருமவ வரையறா, உங்களுக்கு இன்னாடி நோவுது?

தொண்ணூத்தியொண்ணுல எங்க வூட்டு மரக் கடிகாரத்தை வரைஞ்சா. என் வூட்டுக்காரரு கோதண்டம், கொத்தனாரு. பழைய பங்களா ஒண்ணை இடிக்கச் சொல்லோ அந்த முதலாளி அவருக்குக் குடுத்த தேக்குக் கடிகாரம். பொங்கலுக்கு வெள்ளையடிச்சி, அவரு திரும்ப மாட்டினதுலேர்ந்து ஓடல. சாவி குடுத்தா பெண்டுலம் ரெண்டு நிமிசம் ஆடும், நின்னுடும். ரிப்பேர்காரரு எடுத்துகினு போய்ப் பாத்துட்டு, "எங்க கடையில நல்லா ஓடுதும்மா"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. எங்க வூட்டுக்காரரு பழையபடி மாட்டினாரு, பழையபடி நின்னுடுச்சி.

ஐயோ, அந்தப் படத்தைப் பாக்கணுமே! தேக்குல ஓடற ரேகை, கண்ணாடியில தெரியற எங்க சன்னல், ஓரத்துல ஒட்டிகினு இருந்த சுண்ணாம்புப் பொட்டு, ஒண்ணு விடல. தண்ணி தொட்டுத் தொட்டு லேசா ஏத்தின கலரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி.

"மாமா நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் அத்தே. இல்லன்னா டப்பாவைப் பரண்ல போட்டுடறேன்"னா. முப்பது வருசமா என் கொழம்பையே மெச்சாத மனுசன் அவரு.

அவரு பாத்தாரு. "கடிகாரம் கோணலா கீதே"ன்னு சிரிச்சாரு.

அவ மூஞ்சி சுருங்கிப்போச்சி. "கண்ணுல பட்டதைத்தான் வரைஞ்சேன் மாமா."

"நான் மாட்டினது கோணலா? நான் கொத்தனாரும்மா!" விறுவிறுன்னு போய், செவுரு நேரா கீதான்னு பாக்கற தூக்குக்குண்டை எடுத்தாந்து கடிகாரத்தோரம் நூலைத் தொங்கவுட்டாரு. மேல நூலு மரத்துல ஒட்டிகினு இருக்குது, கீழ ஒரு விரலு விலகிகினு நிக்குது.

நான் முந்தானையால வாயைப் பொத்திகினேன். அவரு நூலுக்கு நேரா கடிகாரத்தை நகத்தி, பெண்டுலத்தை ஆட்டிவுட்டாரு. அது பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சி, நிக்கவே இல்ல.

மறுநாளு ஸ்ரீபெரும்புதூர் போய்ப் படத்துக்குக் கண்ணாடி போட்டு வந்து, கடிகாரத்துக்குப் பக்கத்துலயே மாட்டினாரு. சாயங்காலம் பக்கத்து வூட்டு முனியம்மா வந்து, "படத்துல கடிகாரம் கோணலா கீதே?"ன்னா.

"படம் நல்லா கீது. நான்தான் கோணலா மாட்டியிருந்தேன்"னாரு.

உள்ள கேட்டுகினு இருந்த ராஜலட்சுமி, முந்தின நாளு பரண்ல போட்டிருந்த டப்பாவை எடுக்க ஸ்டூலைத் தேடினா.