முதலில் சொன்ன பதில்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் மேசை வேலையின் பெயர் ஆராய்ச்சி உதவியாளர். யூத வெறுப்பு எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் ஆய்வு நடத்தியது. குடியேறி வந்தவர்களிடம் கேள்வி கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தமிழர்கள் என் பங்கு. 'சமூகத் தொடர்புகள் ஏராளம்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். உண்மையில் ஏராளமாக இருந்தது என் வாய்தான்.

முதல் ஆளாக நான் பிடித்தது லண்டனின் கிழக்கே இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணையை. "சும்மா கதைக்கிறதுதான்" என்று சொல்லித்தான் பிடித்தேன்.

"வெறுப்பை அளக்கிறியளோ? தராசு தந்தவங்களோ?" என்று கேட்டுக்கொண்டே, கடையின் பின்புறம் அரிசி மூட்டையில் என்னை இருத்தினார். யூதர்களுக்கு வணிகத்தில் அளவுக்கு மீறிய செல்வாக்கு உண்டு என்பதை ஏற்கிறீர்களா என்று வாசித்தேன்.

"முழுக்க ஏற்கிறன்! கெட்டிக்காரச் சனம். எல்லாம் அவையின்ர கையில. நாங்களும் அப்பிடி வரவேணும், தம்பி."

வாழ்த்துகிற மாதிரிச் சொல்லி, கையில் ஒரு மட்டன் ரோலும் தந்தார். ரோலைத் தின்றபடி 'முழுமையாக ஏற்கிறார்' என்று குறித்துக்கொண்டேன். அடுத்தடுத்த ஆட்களும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள், அதே சந்தோசத்தோடு.

ஆய்வை நடத்திய பேராசிரியை யூதர். வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயுமுன் வீடு போய்விடுவார். அது தெரியாமல் நான் முதல் மாதம் முழுக்க வெள்ளி மாலையிலேயே அவரிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்; அவ்வளவு ஆழமான ஆராய்ச்சியாளன். பதிவுகளை நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது புகழ்ச்சி," என்று சிரித்தேன். "எங்கள் ஆட்கள் பட்டம் கொடுக்கிறார்கள்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பட்டத்தை நான் பள்ளிக்கூடத்திலேயே வாங்கிவிட்டேன். என்ன நினைத்துச் சொன்னார் என்று திரும்பப் போய்க் கேளுங்கள். கேட்காவிட்டால், நீங்கள் குறித்ததுதான் அவர் பதில்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா கதைதான் என்று சொல்லி நானே கூட்டிவந்த சனம், அறிக்கையில் யூத வெறுப்பாளர் வரிசையில் நிற்கப்போகிறது. அதைவிட மோசம், அங்கே நிற்பது நியாயம்தானோ என்று எனக்கே ஒரு சந்தேகம்.

மறுபடி இல்ஃபோர்ட். மறுபடி அரிசி மூட்டை.

"அண்ணை, அந்தக் கேள்வியைத் திரும்ப ஒருக்கா கேக்கட்டோ? எங்கட யூதப் பேராசிரியை அம்மா கேக்கச் சொன்னவ."

அவர் முகம் மாறியது. "ஏன்? என்ர அகதிக் கேஸில ஏதும் பிரச்சினையோ?"

"கேஸ் ஒண்டுமில்லை அண்ணை. விருப்பமெண்டால் மாத்தலாம்."

"தம்பி, என்னைப் பேய்க்காட்டாதையும். குரோய்டன் அகதி ஒப்பீஸில முதல் இன்டர்வியூவில சொன்னதை ரெண்டாவதில மாத்தினவன் எல்லாரும் பொய்யன் எண்டு எழுதப்பட்டவன். எனக்குத் தெரியும். முழுக்க ஏற்கிறன். எழுதும்."

இது விசா அலுவலகம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். என் கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் அவருடைய கடையை எரித்தது எனக்குத் தெரியும். கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"கொழும்பில பக்கத்துக் கடைக்காரர் உங்களைப் பற்றி என்ன சொல்லுறவர்?"

"அந்தாளோ?" சிரித்தார். "'தமிழன் கெட்டிக்காரன், யாவாரம் முழுக்க உங்கட கையில' எண்டு தோளில தட்டி..."

சிரிப்பு பாதியில் நின்றது. ஒலிப்பதிவுக் கருவியைக் கைகாட்டினார்.

"அதை நிப்பாட்டும்."

நிறுத்தினேன்.

"எரிக்க வந்தவங்களுக்கு என்ர கடை எதெண்டு தெரியாது. காட்டினது அந்தாள்தான். தோளில தட்டின அதே கையாலை."

"அப்ப பதில், அண்ணை?"

"மாத்த ஏலாது. ஆனா அந்த அம்மாவிட்டைச் சொல்லும்..." என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கடைக்கு ஆள் வந்ததும் எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். இந்த முறை ரோல் இல்லை. அது இல்லையே என்று கவனித்த என் வயிற்றை இப்போதும் நான் மன்னிக்கவில்லை.

பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதிவில் இருக்கிறதா?"

"இல்லை. நிறுத்தச் சொன்னார்."

"அப்படியானால் எழுத முடியாது. அவர் சொன்னதை நான் காதுகொடுத்துக் கேட்டேன் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்."

அண்ணையின் பதில் அறிக்கையில் முதலில் சொன்னபடியே போயிற்று. பேராசிரியை காதுகொடுத்துக் கேட்டதைச் சொன்னபோது, அண்ணை தலையை மட்டும் ஆட்டினார். அதன்பின் அரிசி வாங்கப் போகும்போதெல்லாம், மிச்சக் காசைத் தருமுன் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

"தம்பி, என்ர பதில் இன்னும் அப்பிடியேதானோ கிடக்கு?"

"ஓம், அண்ணை."

"ம்," என்பார். அவருக்கு அது நிம்மதியா, உறுத்தலா என்று எனக்கு விளங்குவதில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்த எனக்கு, அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.