பில் இல்லாத கேமரா

சுனாமிக்கு மறு வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் கூலி. அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தான். நிவாரண மனுக்களுக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தே அந்த வருஷம் ஓடியது. அழுது வீங்கிய முகங்களைப் பார்த்துப் பார்த்து அவனும் சிரிக்க மறந்திருந்தான். தங்கச்சி கல்யாணத்தையாவது புது டிஜிட்டல் கேமராவில் எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

பாண்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விளம்பரம் தேடிப் பிடித்தான். பிரிக்காத பெட்டி, கடை விலையில் பாதி. விற்றவன் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

“பில்லு எங்கண்ணா?” என்று கேட்டேன்.

“ஃபாரின்லேர்ந்து அவங்க மாமா அனுப்பினதாம். கிஃப்டா வந்ததுக்கு யாரு பில்லு வெச்சிருப்பா?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கல்யாணத்தன்று அப்பா, உப்புத்தண்ணீரில் வெடித்த பாதம் தெரியாமல் வேட்டியைத் தாழ இறக்கிவிட்டு விறைப்பாக நின்றார். “யப்பா, கொஞ்சம் சிரி” என்று அண்ணன் கெஞ்சினான். கடைசியில் சிரித்தார். கேமராவின் பின்பக்கத் திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்து அவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

நாங்கள் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அண்ணனிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பாண்டி லேபில் கொடுத்து பிரிண்ட் போடலாமென்று படங்களை கேமராவிலேயே விட்டுவைத்திருந்தான்.

“வித்தவன் மாட்டிக்கிட்டான். அவன் போன்ல உன் நம்பர் இருக்குது” என்றார் இன்ஸ்பெக்டர். “யாரோட கிரெடிட் கார்டு நம்பரையோ திருடி, நெட்ல சாமான் வாங்கி, உன்ன மாதிரி ஆளுங்ககிட்ட வித்துட்டிருந்திருக்கான்.”

“சார், நான் காசு குடுத்துதான் சார் வாங்கினேன்.”

“தெரியுதுப்பா. புதுசைப் பாதி விலைக்கு ஏன் தர்றேன்னு கேட்டியா?”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, பொண்ணு கல்யாணப் படம் மட்டும் எடுத்துக்கிறோங்க.”

“எல்லாத்தையும் சேர்த்துதான் சீல் வைக்கணும் பெரியவரே. கோர்ட்ல கேளுங்க.”

கேட்டோம். வாய்தா மேல் வாய்தா. அண்ணனைச் சாட்சியாகத்தான் சேர்த்திருந்தார்கள். ஊரில் அது யாருக்கும் காதில் ஏறவில்லை. “திருட்டு கேமராக்காரன்” என்று பெயராகிவிட்டது. கல்யாணத்துக்குப் படம் எடுக்க யாரும் கூப்பிடவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டான்.

அடுத்த கோடையில் அப்பா உப்புப் பாத்தியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாலை போட ஒரு படம் இல்லை. வோட்டர் கார்டில் இருந்ததை வேறொரு கடையில் பெரிசு பண்ணி வாங்கி வந்தான் அண்ணன். அதில் அப்பா யாரிடமோ கோபமாக இருப்பதுபோல் இருந்தார்.

காரியம் முடிந்ததும் அண்ணன் அப்பாவுடைய வேலைக்கே போனான். ஒரு நாள் சோறு கொண்டுபோனேன். வெயிலில் உப்பு கண்ணைக் கூச வைத்தது. சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று சொன்னான்:

“அந்தக் கிரெடிட் கார்டு பெங்களூர்ல ரிட்டையர் ஆன ஒரு டீச்சரம்மாவோடதாம். அவங்க பணம் அவங்களுக்குத் திரும்ப வந்துச்சான்னு ஸ்டேஷன்ல கேட்டேன். தெரியலன்னுட்டாங்க.”

கையைக் கழுவிவிட்டு மறுபடி வெயிலில் இறங்கினான்.