காலி டின்னும் கேட்டுவிட்ட சொந்தமும்

மரேவாவுக்கு வாய் நீளம், அதனால் எந்த வேலையும் நிலைத்ததில்லை. தராவா தீவில் அரசாங்கம் திறந்த காலி டின் நிலையத்தில்தான் முதன்முறையாக அவளை யாரும் விரட்டவில்லை. அங்கே அதிகாரி அவளுடைய அக்கா மகன் கபூவா.

கடையில் டின் பானம் வாங்கினால் கூடுதலாகக் காசு பிடிப்பார்கள். காலி டின்னைக் கொண்டுவந்து கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். காசுக்காக மக்களே கடற்கரையைத் துடைத்து வைத்துவிடுவார்கள் என்பது வெளிநாட்டில் பொருளாதாரம் படித்த கபூவாவின் கணக்கு.

கொஞ்ச நாள் துடைக்கவும் செய்தார்கள். பிறகு சொந்தபந்தம் விழித்துக்கொண்டது. காசோடு வெளியே வருகிறவனிடம், வாசலில் உட்கார்ந்திருக்கும் மச்சான் "அதை எனக்குக் கொடு" என்பான். சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டதை மறுப்பது எங்கள் ஊரில் மானக்கேடு. கடைசியில் ஊரே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. டின் பொறுக்கத்தான் ஆளில்லை.

"டின்னை ஏத்திட்டுப் போற கப்பல் வர்றதுக்குள்ள போதுமான டின் சேரலேன்னா நிலையத்தை மூடிருவாங்க சித்தி. தொகையைக் கூட்டிப் பாக்கட்டுமா?"

"கூட்டு, கூட்டு. வாசல்ல பாய் விரிக்க இடம் பத்தாது. படிச்ச ஊர்ல உனக்கு ஒரு சொந்தக்காரன்கூடவா இல்ல?"

கிண்டல் செய்தாளே தவிர, இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. மறுநாள் தள்ளுவண்டியோடு வீடு வீடாகக் கிளம்பினாள்.

"மாமா, உங்க காலி டின்னையெல்லாம் எனக்குக் கொடுங்க."

கேட்டுவிட்டாள், மறுக்க முடியுமா? வீட்டில் டின் இல்லாதவர்கள்கூட வெட்கத்துக்கு அஞ்சிக் கடற்கரையில் பொறுக்கி வந்து கொட்டினார்கள். கப்பல் நிறைந்தது, நிலையம் பிழைத்தது.

ஆனால் கொடுத்தவர்களுக்கும் வாய் இருந்தது. ஒருவர் சட்டியைக் கேட்டார், ஒருவர் கொசுவலையை. பன்றியும் போயிற்று. மரேவாவின் வீடு துடைத்துவிட்டது போலக் கிடந்தபோது கபூவா புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பாத்தீங்களா சித்தி, காசு பண்ற வேலைய! அறிக்கையில அப்படியே எழுதிட்டேன்."

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"நல்லாருக்குடா. இதை எனக்குக் கொடு."

கபூவா வண்டியை ஒரு முறை தடவிப் பார்த்தான். சாவியை அவள் கையில் வைத்தான்.

"யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க சித்தி."

"கேட்டா என்னடா பண்றது?"