படக்கதையில் என்னைத் தேடிய டீச்சர்

எரிகிற வீட்டிலிருந்து ஒரு சிறுமி கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடும் படம். திண்டுக்கல்லில் நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் டீச்சர் அந்தப் பக்கத்தை விரித்து வகுப்புக்கே காட்டினார். நல்ல மனுஷி. அன்றும் பிரியமாகத்தான் சொன்னார்: "நம்ம புள்ளயும் சிலோன்ல சண்டைக்குத் தப்பி வந்தவதான். எந்திரி தாயி, அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

எழுந்து நின்றேன். எனக்கு என்ன தெரியும்? நான் பிறந்ததே இந்த ஊர் பெரியாஸ்பத்திரியில். போரைப் பார்த்த அப்பாவும் அம்மாவும் அகதி முகாம் வீட்டில் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு கூசிப்போய் அழுதுவிட்டேன். அந்த அழுகையையே என் கதையாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டில் என்னை யாருமே தொடவில்லை. வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பார்த்தேன். "பாவம்டி, அவள விட்டுரு" என்றாள் ஒருத்தி. மத்தியானம் ஆளாளுக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்த தங்கள் வெஞ்சனத்தை என் தட்டில் வைத்தார்கள். நான் அதையும் தின்றேன். நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. வீட்டில் சொன்னபோது அம்மா, "நீ ஏன் அழுதனி? நாங்களெல்லோ அழோணும்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நானும் இரண்டாம் வகுப்பு டீச்சர். என் வகுப்பிலும் முகாமிலிருந்து ஒரு சிறுமி வருகிறாள். சமீபத்தில் வகுப்பு நூலகத்துக்குப் போர் பற்றிய படக்கதை ஒன்று வந்தது. "சின்னப் புள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? பயந்துரும்" என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். எனக்குப் புத்தகங்கள் மேல் கோபமில்லை. செல்போனில் குண்டு விழுவதைப் பிள்ளைகள் தனியாகப் பார்க்கத்தான் செய்கிறார்கள். கேள்வி கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நல்லதுதானே. என் பயமெல்லாம் அந்தச் சிறுமியைப் பற்றித்தான். எனக்கு நேர்ந்தது அவளுக்கு நேரக் கூடாது.

வாசித்தேன். எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. மறந்தும் அவள் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. பிள்ளைகள் கை தூக்கிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பதில் சொன்னேன். நன்றாகவே செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

பெல் அடித்ததும் அவள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"நானும் கை தூக்குனேன் டீச்சர். அம்புட்டுப் பேரையும் பாத்தீங்க. என்ன மட்டும் ஏன் பாக்கல?"

"என்ன கேக்கணும்னு கை தூக்குன தாயி?" என்றேன்.

"மறந்து போச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.